இரண்டு முறையும் இடது கண்

ஓர்ஹூஸ், டென்மார்க்
ஜனவரி 10

சால்வோர்,

வந்து சேர்ந்துவிட்டோம். ரயில் நிலையத்துக்கு எதிரே விடுதி. கட்டில் எனக்குக் குட்டை, பாதம் இரண்டும் வெளியே தொங்குகின்றன. ஓர்வாரும் நானும் ஒரே அறை. ஆறு வருடம் அந்த மனிதன் ஐஸ்லாந்து ஹேண்ட்பால் அணிக்காகக் கோலில் நின்றான். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பெஞ்ச் அவனுக்கு, கோல் எனக்கு. அவனுக்கு முப்பத்தாறு வயதாகிறது, முழங்காலில் நீர். காலையில் சாக்ஸ் போடும்போது முனகுகிறான். நான் சிரித்தால், "சிரிடா, உனக்கும் ஒரு நாள் வரும்" என்கிறான். "வரட்டும் தாத்தா. அதுக்கு முன்னாடி உலகப் போட்டி வந்துடுச்சே" என்றேன்.

முதல் ஆட்டம் நாளை மறுநாள். எங்கள் பிரிவில் கடைசி ஆட்டம் டென்மார்க்கோடு, அவர்கள் ஊரிலேயே, 26ஆம் தேதி. அதில் ஜெயித்தால் முதல் எட்டு அணிக்குள் வருவோம். தோற்றால் வீட்டுக்கு. நம் ஊரில் எல்லோருக்கும் இந்த ஓர் ஆட்டம் போதும் என்று எனக்குத் தெரியும். மற்ற எல்லாவற்றிலும் தோற்றுவிட்டு ஒரு காலத்தில் நம்மை ஆண்ட இவர்களை மட்டும் அடித்தாலும் அப்பா கொடி ஏற்றுவார்.

நீ ஏன் வழியனுப்ப வரவில்லை? எல்லோருடைய வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். கண் பரிசோதனைப் படிவம் இல்லாதவன் ஆட முடியாது என்று சங்கத்தில் பிடிவாதம் பிடித்தார்கள். உன் டாக்டர் வீட்டுக்குப் போன பிறகு வந்து நின்ற என்னை நீதான் ஐந்தே நிமிடத்தில் பார்த்து முடித்துக் கொடுத்தாய். நன்றி சொல்லலாம் என்றால் படிவத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நவம்பரில் பயிற்சியின்போது பந்து முகத்தில் பட்டதிலிருந்து கண்ணில் தூசி மிதக்கிறது என்று சொன்னேனே, அதற்கா இந்த முகம்? இரண்டு கண்ணும் நலம் என்று நீயே எழுதிவிட்டாய். நம் குடும்பத்தின் ஒரே பட்டதாரி எழுதிய பிறகு மறுபேச்சு ஏது?

ஸ்டெய்ண்டோர்


ரெய்க்யாவிக்
ஜனவரி 14

அண்ணா,

முதல் ஆட்டத்தில் ஜெயித்ததை மருத்துவமனை வானொலியில் கேட்டேன். உன் பெயரை ஏழு முறை சொன்னார்கள். எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தை இதற்கு முன் மூன்று முறை எழுதிக் கிழித்திருக்கிறேன். நேரில் எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். எழுதவும் வராது போலிருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இடது கண்ணை மூடச் சொன்னேன். வலது கையால் மூடினாய். பலகையில் கடைசி வரி வரை படித்தாய். அடுத்த கண் என்றேன். கையை மாற்றினாய், கண்ணை மாற்றவில்லை. இடது கையால் அதே இடது கண்ணை மூடிக்கொண்டு அதே வரிகளைப் படித்தாய். முன்பைவிட வேகமாகப் படித்தாய்.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு "இரு கண்களும் நலம்" என்று எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போன படிவம் அது. அவர் என்னை நம்பி வைத்துவிட்டுப் போனது. நீ ஆறு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. "அண்ணா, கையை எடு" என்று மூன்று வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. அதனால்தான் வழியனுப்பவும் வரவில்லை.

நீ சொன்னது தூசி இல்லை. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் அன்று பந்து பட்டபோது கிழிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் புள்ளிகள் மிதக்கும். பிறகு ஓரத்தில் மின்னும். பிறகு நிழல். நிழல் வந்துவிட்டதா, அண்ணா? எந்தப் பக்கத்திலிருந்து? இப்போதே அறுவை செய்தால் ஒட்ட வைத்துவிடலாம். கோபன்ஹேகனில் அதற்கான மருத்துவர்கள் இருக்கிறார்கள், நீ ரயிலில் போகிற தூரம்தான். முகத்தில் இன்னொரு பந்து பட்டால் ஒட்ட வைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

பயிற்சியாளரிடம் நீயே சொல். படிவத்தைப் பற்றிக் கேட்டால் நான் எழுதிய பொய் என்று சொல். எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை.

மருத்துவமனையில் இரண்டு வாரம் விடுப்பு வாங்கிவிட்டேன். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. நாளை மறுநாள் ஊருக்கு, நெஸ்ஸுக்குப் போகிறேன். பதிலை அங்கே எழுது.

சால்வோர்


ஓர்ஹூஸ்
ஜனவரி 17

சால்வோர்,

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். படித்துவிட்டுக் கிழித்தேன்.

சரி, கேள். நிழல் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. மேலேயிருந்து, ஜன்னல் திரையைக் கால்வாசி இறக்கிவிட்ட மாதிரி. இடது கண்ணால் உன்னைப் பார்த்தால் உனக்குத் தலைமுடி இருக்காது. அவ்வளவுதான். கோலில் நிற்பதற்கு அது போதும். இடது குதிகாலால் கம்பத்தைத் தொட்டுக்கொண்டால் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துவிடும். பாதி உடம்பை இடது பக்கம் கூடுதலாக வைத்துக்கொள்கிறேன். இரண்டு ஆட்டம் ஜெயித்திருக்கிறோம், ஒன்றில் சமன். இங்குள்ள பத்திரிகையில் என் படம் வந்திருக்கிறது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். எங்கள் பயிற்சியாளர் கொல்பைனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியின் முதல் பந்தைக் கோல்கீப்பரின் காதை ஒட்டி எறிவார். கண்ணை மூடுகிறவனுக்கு அன்றைக்குக் கோல் கிடையாது. ஓர்வாரை அப்படித்தான் உட்கார வைத்தார். இப்போதெல்லாம் அவன் மூடிவிடுகிறான். எனக்கு இடது காதோரம் எறிந்தார். நான் இமைக்கவில்லை. "பாருங்கடா இவன. இமைகூட ஆடல. இதுக்குப் பேருதான் நெஞ்சு" என்றார். பையன்கள் கை தட்டினார்கள். பந்து பின்னால் வலையில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் எறிந்திருக்கிறார் என்றே எனக்குத் தெரிந்தது.

நீ சிரிக்க மாட்டாய். நானும் அன்று சிரிக்கவில்லை.

ஆனால் சொல்ல மாட்டேன். ஆறு வருடம், சால்வோர். எனக்கு இருபத்தொன்பது. அடுத்த உலகப் போட்டிக்குள் என் முழங்காலிலும் நீர் கோத்திருக்கும். டென்மார்க் ஆட்டம் வரைக்கும் விடு. 26ஆம் தேதி முடிந்ததும் நானே கொல்பைனிடம் சொல்லி, நானே ரயில் ஏறுகிறேன். சத்தியமாக.

நீ வாயைத் திறந்தால் உன் வேலையும் போய்விடும். உன்னைப் படிக்க வைக்க அம்மா எத்தனை வருடம் மீன் வெட்டினாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஸ்.


நெஸ்
ஜனவரி 21

அண்ணா,

நேற்று வந்த விமானத்தில் உன் கடிதம் கிடைத்தது. இன்று காலையிலிருந்து பனிப்புயல்.

உன் கடிதத்தைப் படித்ததும் கொல்பைனோடு பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டுத் தொலைபேசியில் முடியாது. நம் மணி அடித்தாலே ஒரே கம்பியில் இணைந்த ஒன்பது வீட்டிலும் ரிசீவரைத் தூக்குவார்கள். நாம் மூச்சு விடுவதைக்கூட மேல்வீட்டு ஹில்துர் அக்கா அம்மாவிடம் மறுநாள் விசாரிப்பாள். அதனால் தொலைபேசி நிலையத்துக்கே நடந்து போனேன். அங்கே இணைப்புக் கொடுக்கும் ஃப்ரெய்தீஸ் அக்கா, அவளுக்கு முன்னால் நான்கு பேர், எல்லோர் கையிலும் காப்பி.

"டென்மார்க்குக்குப் பேசணும்" என்றேன்.

"டென்மார்க்குக்கா? அண்ணனுக்கா?" என்று அவள் கேட்டது கடைத்தெரு வரை கேட்டிருக்கும். "என்ன விசேஷம்டி?"

நால்வரும் திரும்பினார்கள். மீன் ஆலை மேஸ்திரி ஒட்டூர், "டென்மார்க்காரனுங்க பந்த வாயால கவ்வச் சொல்லு உங்கண்ணன" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஃப்ரெய்தீஸ் அக்கா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அங்கே நின்று பேசுகிற கூண்டுக்குக் கதவு இல்லை, அண்ணா. நான் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் ஐந்து பேர் காதில் விழும். மாலைக்குள் அம்மா காதில் விழும்.

"ஒண்ணுமில்லக்கா. வாழ்த்துச் சொல்லத்தான்" என்றேன்.

"அதுக்கு எதுக்குடி ஃபோன்? தந்தி குடு, நான் அழகா எழுதித் தரேன்."

அவளே எழுதினாள்: "நெஞ்சுரத்தோடு நில். எல்லோரும் உன்னோடு. சால்வோர்." நான் தலையாட்டினேன். அனுப்பிவிட்டாள்.

நான் என்ன செய்தேன் என்பது வீட்டு வாசலில் காலணிப் பனியைத் தட்டும்போதுதான் உறைத்தது. அந்தத் தந்தியை நம்பாதே. அது என் வார்த்தை இல்லை.

என் வார்த்தை இதுதான்: கொல்பைனுக்கு இன்று கடிதம் எழுதிவிட்டேன். படிவம் பொய், இடது கண்ணைப் பரிசோதிக்கவே இல்லை, அவனைக் கோலில் நிறுத்தாதீர்கள் என்று. உனக்கு எழுதும் இதையும் அதையும் ஒன்றாகவே தபாலில் போடுகிறேன். அவருக்குக் கிடைக்கும்போது உனக்கும் கிடைக்கும். நீ முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அதில் உனக்கு மரியாதை இருக்கும். அதற்காகத்தான் உனக்கும் தெரிவிக்கிறேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்க வேண்டாம்.

அம்மா எத்தனை வருடம் மீன் வெட்டினாள் என்று எனக்குத் தெரியும். பதினான்கு.

சால்வோர்


ஓர்ஹூஸ்
ஜனவரி 25

என் அருமைத் தங்கச்சி,

உன் தந்தி 21ஆம் தேதி மாலையே வந்தது. சாப்பாட்டு மேசையில் கொல்பைன் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். "எல்லோரும் உன்னோடு." நான் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் வராததையும் புரிந்துகொண்டேன். நீ அதிகம் பேசுகிறவள் இல்லை. அந்த இரண்டு வரி எனக்குப் போதும். முந்தைய கடிதத்தில் அம்மாவை இழுத்து எழுதியதற்கு மன்னித்துவிடு.

திரை இப்போது பாதிக்கு இறங்கிவிட்டது. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

ஓர்வாருக்குத் தெரிந்துவிட்டது. நேற்றுப் பயிற்சியில் என் இடது மேல்மூலைக்கு மூன்று பந்து எறிந்தான். மூன்றும் கோல். அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"மூணுக்கும் நீ அசையவே இல்ல."

"தூக்கம்."

"தூக்கமா? எங்கிட்டயே கதையளக்காத. கொல்பைன்கிட்ட நான் சொல்றேன்."

"சொல்லு" என்றேன். "எடத்துக்கு ஆசப்பட்டுப் பொய் சொல்றான் கெழவன்னு சொல்லுவாங்க. சொல்லிப் பாரு."

அவன் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்தான். அறை முழுக்க அந்த வாடை. அவனிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நாளை ஆட்டம் முடிந்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்பேன். நாளை முடிந்ததும் செய்ய வேண்டியவை நிறையச் சேர்ந்துவிட்டன.

ஸ்டெய்ண்டோர்


நெஸ்
ஜனவரி 27

அண்ணா,

இது உன் கைக்கு எப்போது வரும், நீ எங்கே இருக்கும்போது வரும் என்று தெரியவில்லை.

21ஆம் தேதியிலிருந்து நேற்று வரை விமானம் பறக்கவில்லை. மலைச்சாலையும் மூடிக்கிடந்தது. தபால் பை விமானத்தளக் கொட்டகையில் இருக்கிறது என்று தினமும் போய்த் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் அந்தப் பையைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். கொல்பைனுக்கு எழுதியதும் உனக்கு எழுதியதும் அதற்குள் ஒன்றாகக் கிடந்தன. தொலைபேசி நிலையத்துக்கு மறுபடியும் மூன்று முறை நடந்தேன். மூன்று முறையும் உள்ளே ஆள் இருந்தது. இல்லாவிட்டாலும் ஃப்ரெய்தீஸ் அக்கா இருப்பாள். தந்தியை அவள்தானே படித்து அனுப்ப வேண்டும். வாசலிலிருந்தே திரும்பி வந்தேன்.

நேற்று ஆட்ட நேரத்துக்கு ஆலையில் மீன் ஓடும் பட்டையை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்து வானொலியைச் சுற்றி எல்லோரும். அம்மா மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை, கையில் செதில் ஒட்டியிருந்தது. அப்பா எண்ணெய் ஆலையிலிருந்து வந்து வாசலோரம் நின்றார். உட்கார்ந்தால் தோற்றுவிடுவோமாம்.

கடைசி நிமிடம் வரை கேட்டேன். 18–17. நாம் ஒன்று கூடுதல். அவர்களுக்கு ஏழு மீட்டர் எறி கிடைத்தது. எறிகிறவன் ஒருவன், கோலில் நீ ஒருவன், நடுவில் யாரும் இல்லை. நீ கோலை விட்டு முன்னால் நான்கு மீட்டர் கோடு வரை வந்துவிட்டாய் என்று அறிவிப்பாளர் சொன்னார். "எவ்வளவு துணிச்சல் பாருங்கள், எறிகிறவன் மூக்குக்கே வந்துவிட்டார்" என்றார். தூரமாக நின்றால் உனக்குப் பந்து தெரியாது என்று எனக்கு மட்டும் புரிந்தது.

பிறகு அந்தச் சத்தம். வானொலியிலேயே கேட்டது.

"முகம்! முகத்தில் பட்டுத் திரும்பிவிட்டது!"

கூடமே எழுந்து குதித்தது. "மூஞ்சாலயே தடுத்துட்டான்டா!" என்று ஒட்டூர் மேசை மேல் ஏறிவிட்டார். ஹில்துர் அக்கா என்னைப் பிடித்து உலுக்கினாள்: "ஒங்கண்ணன்டி, ஒங்கண்ணன்!" அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா முதல் முறையாக உட்கார்ந்தார். "எங்க வீட்ல ஒண்ணு படிச்சுது, ஒண்ணு நாட்டையே காப்பாத்திடுச்சு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நீ எழுந்து நின்றுவிட்டாய், கையைத் தூக்கிக் காட்டினாய் என்று அறிவிப்பாளர் சொன்னார். எந்தக் கையென்று சொல்லவில்லை.

நான் உறைபனி அறைக்குள் போய் நின்றுகொண்டேன். வெளியே கேக் வெட்டினார்கள்.

வெளியே வந்தபோது வானம் வெளுத்திருந்தது. தபால் விமானம் மேலே போய்க்கொண்டிருந்தது.

சால்வோர்


கோபன்ஹேகன்
பிப்ரவரி 4

சால்வோர்,

இதை எழுதுவது ஓர்வார். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான். எழுத்துப் பிழை இருந்தால் அவனுடையது. (என்னுடையது இல்லை. ஓர்வார்.)

என் இரண்டு கண்ணிலும் கட்டு. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. அசையக் கூடாது என்கிறார்கள். வலது கண்ணுக்கு ஒன்றும் இல்லை, சும்மாதான் கட்டியிருக்கிறார்கள், ஒன்று அசைந்தால் மற்றதும் அசையுமாம். இடது கண் போய்விட்டது. இரண்டு முறை அறுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

அடுத்த ஆட்டத்தில் ஓர்வார் நின்றான். ஒன்பது கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். (பத்து.)

உன் கடிதங்கள் 29ஆம் தேதி ஒன்றாக வந்தன. எனக்கு வந்ததை ஓர்வார் படித்துக் காட்டினான். கொல்பைன் தன்னுடையதைப் படித்துவிட்டு இங்கே வந்தார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். இருமுகிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "காதோரம் எறிஞ்சப்ப நீ பாக்கவே இல்லையாடா?" என்று மட்டும் கேட்டார். பிறகு காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. "படிவத்துல நலம்னு இருக்கு. ஆட்டத்துல அடிபட்டுச்சு. அவ்வளவுதான். ஒன் தங்கச்சி பொழச்சுப் போகட்டும்" என்றார். அதனால் நீ பயப்பட வேண்டாம். யாருக்கும் தெரியாது.

எனக்கு உன் பேரில் கோபம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். இங்கே படுத்திருந்தால் நினைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நினைத்ததில் கோபம் இருக்கிறது என்று தெரிந்தது. நான் கையை மாற்றிய அன்று நீ ஏமாந்துவிட்டாய் என்று நினைத்தேன். அது என் தப்பாக மட்டும் இருந்தது, தாங்கிக்கொள்ளலாம். நீ பார்த்தேன் என்று எழுதியபோது எனக்குப் பயம் போய்விட்டது. கூட ஒருத்தி இருக்கிறாள் என்று தோன்றியது. தந்தி வந்த பிறகு சந்தோஷமாகவே ஆடினேன். ஃப்ரெய்தீஸ் எழுதினாள் என்கிறாய். தலையாட்டியது நீதானே.

நான் 16ஆம் தேதி விமானத்தில் ரெய்க்யாவிக் வருகிறேன். கூட்டம் வரும், வாத்தியக்குழு வரும் என்கிறார்கள். நீ வராதே. உன் முகத்தைப் பார்க்க என்னால் இப்போது முடியாது. அம்மாவிடம் ஏதாவது சொல்லிக்கொள்.

ஸ்டெய்ண்டோர்

சால்வோர், அவன் தூங்கிவிட்டான். நான் ஓர்வார். மூன்று பந்து எறிந்து பார்த்தவன் நான். கொல்பைன் அறை எங்களுடையதிலிருந்து எட்டு அடி. நீங்கள் கடலைத் தாண்டி எழுதினீர்கள். என்னால் எட்டு அடி நடக்க முடியவில்லை. முழங்கால் காரணம் இல்லை.


ரெய்க்யாவிக்
பிப்ரவரி 12

அண்ணா,

இதற்குள் வலது கண் கட்டை அவிழ்த்திருப்பார்கள் என்று கணக்குப் பார்த்து எழுதுகிறேன். நீயே படி. ஓர்வாரைப் படிக்கச் சொல்லாதே. அவருக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன்.

கொல்பைன் என் கடிதத்தை நல்ல எண்ணத்தில்தான் கிழித்தார். ஆனால் நான் எழுதிய படிவத்தின் ஒரு பிரதி எங்கள் மருத்துவமனை அலமாரியில் இருந்தது. திங்கட்கிழமை அதை எடுத்து, நான் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் "இடது கண் பரிசோதிக்கப்படவில்லை, எனக்குத் தெரியும்" என்று எழுதி, என் பெயரையும் தேதியையும் போட்டு டாக்டர் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"அண்ணனுக்காகவா?" என்றார்.

"ஆமா."

"அண்ணனுக்கு நல்லது செஞ்சதா நெனப்பா?"

சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். இனி எங்கேயும் இந்த வேலை எனக்குக் கிடைக்காது. என் வெள்ளை மேலங்கியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவிடமும் சொன்னேன். வீட்டுத் தொலைபேசியில், ஒன்பது வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன். தூக்குகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது, பேசி முடித்த பிறகு வைக்கிற சத்தமும் ஒவ்வொன்றாகக் கேட்டது. கடைசியில் அம்மா மட்டும் இருந்தாள். "காலைல ஆலைக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அவ்வளவு எளிதாக இருந்தது, அண்ணா. அந்தக் கூண்டுக்குள் ஒரு நிமிடம் இதே மாதிரி நின்றிருந்தால் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஆமாம், தலையாட்டியது நான்தான்.

வராதே என்று எழுதியிருக்கிறாய். வருவேன். வாத்தியக்குழுவுக்குப் பக்கத்தில் இல்லை. நீ படியிறங்கி வரும்போது உன் இடது பக்கமாக, வேலியோரம் நின்றுகொள்வேன். அந்தப் பக்கம் படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை, கடைசிப் படி மற்றவற்றைவிட உயரம். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீ திரும்பாமல் நேராக நடந்து போனால் என்னைப் பார்க்க வேண்டியிருக்காது.

சால்வோர்